சார் நாவலில் யார் யார்?

எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். யார் என்ன சொன்னார்கள் என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால் தெருவே என்மேல் பாயும். அந்தப் பயத்தோடுதான் ஆரம்பிக்கிறேன்.

இண்டூரில் எங்கள் பக்கத்து வீடு கிருஷ்ணப்பன் சாருடையது. சொசைட்டியில் கிளார்க். சாயங்காலமானால் நாவல் எழுதுவார். என் கடைசிப் பையன் தவழும்போது ஆரம்பித்தது. இப்போது அவனுக்கு மீசை அரும்புகிறது.

ஒருவழியாக முடித்து, மஞ்சள் பையில் போட்டு, சேலத்தில் ஒரு பதிப்பகத்துக்குக் கொண்டுபோனார். போன வேகத்தில் பையோடு திரும்பினார்.

"என்னங்க சொன்னாங்க?" என்று அவர் சம்சாரம் மாதம்மாள் கேட்டது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"மழை பெய்யுது, மல்லி பூக்குது, எல்லாஞ் சரி. இத்தனை பக்கத்துல ஒரு ஆளாவது ஒரு பொய் சொல்லியிருக்கானா? அப்படி ஒரு ஊர் எங்க சார் இருக்குது, நானே குடி வந்துடறேங்கறாருடி."

"அப்ப நம்ம தெருவ வெச்சு எழுதுங்க."

மாதம்மாள் அதோடு விட்டாளா? மறுநாள் குழாயடியில், "அவரு இப்ப நம்ம தெரு ஆளுங்களத்தான் எழுதறாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

முதலில் ஓடி வந்தவர் வாடகை சைக்கிள் கடைக்காரர் ஆண்டி. நான் அப்போது சார் வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போயிருந்தேன். ஒட்டுக்கேட்கப் போகவில்லை.

"சார், கடைக் கடியாரம் தானாத்தான் வேகமா ஓடுது. நான் முள்ளத் தள்ளி வெக்கலீங்க."

"உங்க கடையே என் நாவல்ல இல்லியே ஆண்டி."

"இல்லீங்களா?" ஆண்டிக்கு முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப நான் சொன்னத மறந்துடுங்க."

"மறந்தாச்சு" என்றபடி சார் பேனா மூடியைத் திருகிக் கழற்றினார்.

அடுத்தது ஜவுளிக்கடை தஸ்தகீர் பாய்.

"சார், என்னைய நல்லவன்னு மட்டும் எழுதிடாதீங்க. முனியம்மா பொண்ணுக்குக் கல்யாணப் புடவை சும்மா குடுத்தது வெளிய தெரிஞ்சா, நாளைக்கு ஊர்ல இருக்கிற கல்யாணமெல்லாம் என் கடை வாசல்லதான் நிக்கும்."

"அது எனக்குத் தெரியவே தெரியாதே பாய்!"

"யா அல்லா! நானேவா சொல்லிட்டேன்?"

அப்புறம் வந்தாள் எங்கள் தெருக் குள்ளம்மாள். அன்றைக்கும் நான் மோருக்குத்தான் போயிருந்தேன்.

"அண்ணா, அந்தத் தீர்த்தத்தப் பத்தி எழுதிடாதீங்க. உங்க கால்ல வேணா வுழறேன்."

"எந்தத் தீர்த்தம்மா?"

"அந்த வருசம் பொம்பளைங்கல்லாம் வேன் புடிச்சுத் தீர்த்தமலைக்குப் போனோமே, தெருவுக்குன்னு ஒரு கேன் தீர்த்தம் புடிச்சாந்தோம். எங்காலடியிலதான் இருந்துச்சு. எல்லாருந் தூங்கறாங்க. மூடி கழண்டு பூராவும் கொட்டிப்போச்சுங்கண்ணா. வெறும் கேனோட எப்பிடி வூட்டுக்கு வர்றது? அரூர்ல டிரைவரு டீ குடிக்க எறங்குனப்ப பஸ் ஸ்டாண்டு குழாயில ரொப்பிட்டேன்."

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதைக் குடிச்சுத்தானே நம்ம தெரு முனிராஜ் சம்சாரம்..."

"ஆமாங்கண்ணா. அத்தன வருசமா தங்காத கொழந்த அப்பத்தான் தங்குச்சு. பையனுக்குத் தீர்த்தகிரின்னு பேரு வெச்சு, வருசா வருசம் மொட்ட போடறாங்க. இப்பப் போயி அது அரூர் பைப்புத் தண்ணின்னா, என்னைய ஊர்ல வெப்பாங்களா?"

"எழுதமாட்டேன், போம்மா" என்றார் சார். பேனா அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் யார்தான் வரவில்லை! "உங்களப் பத்தி ஒண்ணுமில்லீங்க" என்பார் சார். அவர்கள் அதை நம்பாமல் இருக்கிறது எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போவார்கள். வருஷக்கணக்கில் இழுத்த நாவலை, மாங்காய் சீசன் முடிவதற்குள் புதுசாகவே எழுதி முடித்துவிட்டார்.

மறுபடியும் மஞ்சள் பை, மறுபடியும் சேலம். இந்தத் தடவை கையை வீசிக்கொண்டு வந்தார்.

"ஒரே மூச்சுல படிச்சாராம்டி! இத்தனை பொய்யையும் எப்பிடி சார் கற்பனை பண்ணினீங்கன்னு கேக்கறாரு. தை மாசம் புக்கு வந்துடும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. மோர்ச் சொம்பைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஓடினேன்.

"அண்ணா, தீர்த்தம் கதை அதுல இருக்குதுங்களா?"

"அதுதாம்மா பதிப்பகத்துக்காரருக்கு ரொம்பப் பிடிச்சது. பேரு போடல. யாருன்னு படிக்கிறவங்களே கண்டுபிடிச்சுக்கட்டும். முனிராஜ்கூட ரெண்டு புக்கு வேணும்னு சொல்லி வெச்சிருக்கான்."

கண்டுபிடிக்காமல் விடுகிற ஆளா முனிராஜ்?

வீட்டுக்கு வந்தேன். பையனிடம் பேப்பரும் பேனாவும் வாங்கினேன். சார் புத்தகம் வருவதற்குள் உங்கள் பத்திரிகையில் வந்துவிட வேண்டும் என்று இதை எழுதி அனுப்புகிறேன். ஆண்டி, பாய் எல்லாரும் சொன்னது சொன்னபடி. குள்ளம்மாள் பேரையும் மறைக்கவில்லை. சார் இதை மறுத்துப் பேச முடியாது, முதல் பக்கத்திலேயே எல்லாம் கற்பனை என்று போட்டுவிட்டாராம்.

குள்ளம்மாளாலும் முடியாது. பாவம், அன்றைக்கு வேன் ஏறியதும் தூங்கிப்போனவளை, அரூரில் வண்டி நின்றதுகூடத் தெரியாதவளை, இண்டூர் வந்த பிறகு நான்தான் தட்டி எழுப்பினேன்.