பழையபடி

சேலத்தில் பைபாஸ் ஆப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலையில், அப்பா கையிலிருந்த மருந்துக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். தடுக்க வந்த நர்ஸின் வயிற்றில் உதைத்தார். கஞ்சி ஊட்டப் போன அம்மாவை அவர் அறைந்ததில் அவள் உதடு கிழிந்தது.

வார்டு ஊழியர்களோடு சேர்ந்து அவர் கைகளைக் கட்டிலில் கட்டினேன். முடிச்சு சரியாக விழுந்ததா என்று சந்தேகமாகவே இருந்தது.

"பயப்படாதீங்கம்மா," என்றார் டாக்டர். "மயக்க மருந்து இல்லாம அந்த வலியை இவரால தாங்கியிருக்க முடியாது. ஆனா சிலருக்கு அது புத்தியைக் குழப்பி, ஆளையே மாத்திடும். ரெண்டு நாள்ல பழையபடி ஆயிடுவாரு. அப்புறம் கட்டை அவுத்துடலாம்."

அம்மா முந்தானையால் ரத்தத்தை ஒற்றினாள்.

"இப்பவே பழையபடி ஆயிட்டாருங்க. நேத்துதான் குழம்பியிருந்தாரு. என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, 'சாப்பிட்டியா சாமி'ன்னு கேட்டாருங்க. கல்யாணமான நாள்ல இருந்து ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"கட்டை மட்டும் அவசரப்பட்டு அவுத்துறாதீங்க," என்றாள் அம்மா.

நான் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.