நாலு பேருக்கு ஒரு ஜோடி

வேலை தேடும் நாலு பேர் தங்கியிருந்த அறையில் ஒரே ஒரு ஜோடி கறுப்பு ஷூதான் இருந்தது. யாருக்கு இன்டர்வியூ என்றாலும் அதைத்தான் மாட்டிக்கொண்டு போவார்கள்.

இடது ஷூவுக்கு ஒரே குடைச்சல். "போனவனுக்கு வேலை கிடைச்சுதா?"

"பொறு. கிடைக்காதவன் திரும்ப நம்மகிட்டதான் வருவான்" என்றது வலது.

அடிக்கடி வந்தவன் இளம்பரிதி. சின்னக் கால் என்பதால் ஷூவின் முனையில் பழைய பேப்பரைத் திணித்துக்கொள்வான்.

ஐந்தாவது இன்டர்வியூவில் மனப்பாடம் செய்ததையெல்லாம் பிசகாமல் ஒப்பித்தான். பயத்தில் ஷூவுக்குள் அவன் கால்விரல்கள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தன.

எதிரே இருந்த அதிகாரியம்மா நிறுத்தினார். "அதென்னப்பா, சரசரன்னு சத்தம்?"

'மானம் போச்சு' என்று ஒடுங்கியது இடது.

இந்தக் கேள்விக்கு மனப்பாடப் பதில் இல்லை. "ரூம்ல நாலு பேருக்கும் ஒரே ஷூங்க மேடம். எனக்குப் பெரிசு. உள்ளே பேப்பர் வெச்சிருக்கேன்."

அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவனும் சிரித்துவிட்டான். அதற்கப்புறம் அரைமணி நேரம் பேசினார்கள். விரல்கள் ஆடவே இல்லை.

பத்து நாள் இரண்டும் கட்டிலுக்கடியில் காத்துக் கிடந்தன. பிறகு இளம்பரிதியின் கை உள்ளே நுழைந்து பேப்பரை எடுத்து எறிந்தது.

"இனிமே எனக்கு இது வேண்டாம். பொன்னுரங்கம், நீ போட்டுப் பாருடா."

பெரிய கால் ஒன்று முட்டிமோதி உள்ளே இறங்கியது. தையல் தெறிக்கிற வலியிலும் இடது ஷூ கிசுகிசுத்தது:

"இவனுக்குக் கிடைக்குமா?"