இடது கன்னம்

செஞ்சியில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் எழுதும் ஷோபனா, பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாக இருந்த பட்டனை அன்று காலை ஒரே கம்போனென்டாக மாற்றினாள். இனி ஓர் இடத்தில் திருத்தினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும். பட்டனின் நீலத்தைச் சிவப்பாக்கிப் பார்த்தாள். எல்லாம் சிவந்தன.

"சோறு ஆக்காம இன்னாடி பண்ற?"

கணவன் குரு அவள் இடது கன்னத்தில் ஓங்கி அறைந்தான். நாற்காலியோடு விழுந்தாள். உதடு கிழிந்தது.

அடுப்படியில் மாமியார் குஞ்சம்மாள் அலறினாள். அவள் கன்னத்திலும் ஐந்து விரல் தடம், வாயில் ரத்தம்.

குரு மறுபடியும் கையை ஓங்கினான். குஞ்சம்மாள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"அவள அடிக்காதடா! எனக்கு வலிக்குதுடா!"

அம்மாவை உதறிவிட்டு ஷோபனாவை அடித்தான்.

தெருவில் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் அமாவாசை பஸ் சட்டென்று நின்றது. பெண்கள் கன்னத்தைப் பிடித்தபடி ஒவ்வொருவராக இறங்கி, அந்த வீட்டை நோக்கி நடந்தார்கள்.