பதினான்காம் மாடியில் அவசரமில்லை

லிஃப்ட் மெக்கானிக் குணசுந்தரியின் மணிக்கட்டில் இருந்த, வேலை ஒதுக்கும் கைப்பட்டை அன்றைய முதல் வேலையைச் சொன்னது: பி பிளாக் லிஃப்டில் விளம்பரத் திரை ஓடவில்லை. ஏ பிளாக்கில் லிஃப்டே ஓடவில்லை. பதினான்காம் மாடியில் இறந்துபோன ஏகாம்பரத்தைக் கீழே இறக்க வழியில்லை. குறுகலான படிக்கட்டில் பாடை திரும்பாது. ஆனால் பட்டையின் பட்டியலில் ஏ பிளாக் லிஃப்ட்தான் கடைசி வேலை.

“அது ஏன் கடைசி?”

“பயணி இறந்துவிட்டார். அவருக்கு அவசரமில்லை,” என்றது பட்டை.

“பொணத்த எடுக்கிற வரைக்கும் அந்த மாடியில ஒரு வீட்லயும் அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. புள்ளைங்க பசியில கெடக்குதுங்க.”

“அவர்கள் யாரும் புகார் தரவில்லை.”

“எழவு வீட்டு வாசல்ல நின்னு எவன் புகார் குடுப்பான்?”

முதல் வேலை நடக்கும் பி பிளாக்குக்குப் போனால்தான் பட்டை கருவிப்பெட்டியின் பூட்டைத் திறக்கும். குணசுந்தரி அதைத் தூக்கிப் படிக்கட்டு விளிம்பில் ஓங்கி அடித்தாள். பூட்டு தெறித்தது.

“நாளை முதல் உங்களுக்குத்தான் கடைசியாக வேலை தரப்படும்.”

“குடு, பாத்துக்கலாம்.”

மதியம் ஏகாம்பரம் லிஃப்டில் இறங்கிப் போனார். பதினான்காம் மாடியிலேயே நின்றிருந்தாள் குணசுந்தரி. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

பட்டையை அந்தப் பக்கமாக உயர்த்திப் பிடித்தாள்.

“கேட்டுச்சா? மொத வேலை முடிஞ்சுதுன்னு எழுதிக்க.”