எர்த்து ஒயர்

"ஏனுங்க, எந்த மடையன் இந்த வயரிங்கப் பண்ணுனான்?"

ஸ்மார்ட் சுவிட்ச் மாட்ட, கடைக்காரர் அனுப்பிய எலக்ட்ரீஷியன் தீனதயாளன் சுவிட்ச் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கத்தினார்.

"இந்த ஊட்ட வாங்கி ஒரு மாசந்தானுங்க ஆச்சு. யாருன்னு தெரியலீங்க," என்றாள் உஷாராணி.

"சுவிட்சுக்கு நியூட்ரல் ஒயரே இழுக்கல. அது போவட்டும், எர்த்து ஒயரும் இல்லீங்க!"

"எர்த்து இல்லீங்களா? ரெண்டு குழந்தைக இருக்கற ஊடுங்க!"

"அவனையெல்லாம் செருப்பால அடிக்கோணுங்க!"

உஷாராணி கொதிப்போடு வாசலுக்குப் போய் மெயின் பெட்டியைத் திறந்தாள். வயரிங் செய்தவர் கதவின் உட்புறம் ஒட்டிய ஸ்டிக்கரில் பெயர் கிழிந்திருந்தது. எண் மட்டும் மிச்சம் இருந்தது. அந்த எண்ணை அழைத்தாள்.

உள்ளே, தீனதயாளனின் சட்டைப் பையில் மணி அடித்தது.

உஷாராணி வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.