பன்னிரண்டாவது சீட்டு

“என் பேனாவை வச்சுக்கோங்க சார்” என்று அவள் நீட்டியபோதே பேராசிரியருக்கு வயிறு எரிந்தது. எதிர்த்து நிற்கிறவளே வோட்டுப் போடப் பேனா கொடுப்பதா? நல்ல பேர் வாங்க என்னென்ன வித்தை!

வேறு வழியில்லை. காலையிலிருந்து தொண்ணூறு விடைத்தாள்களின் அடியில் சின்னக் கையெழுத்துப் போட்டுப் போட்டு, அவர் பேனா வறண்டிருந்தது. வோட்டுப் போட வைத்த தடுப்புக்குப் பின்னால் போனவர், தன் பெயருக்கு நேரே டிக் அடித்து, கை பழகிய வேகத்தில் வேலையை முடித்துச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார்.

துறைத் தலைவர் பதவி. பன்னிரண்டு ஆசிரியர்கள், பன்னிரண்டு வோட்டு. சமமாக வந்தால் சீனியருக்கு, அதாவது அவருக்கு.

முப்பது வருடமாகத் தேர்தல்களையே ஆராய்ந்தவர். செல்லாத வோட்டுகளைப் பற்றி மட்டும் இரண்டு புத்தகம் எழுதியவர். ஆனால் டிவிக்காரர்கள் கூப்பிடுவது அவரிடம் படித்த அவளை! போன வாரம் முடிவெட்டுகிறவர்கூடக் கத்தரியை நிறுத்திவிட்டு, “உங்க காலேஜ் மேடம் என்னமா விளக்குறாங்க சார்!” என்றார். பாதித் தலையோடு எழுந்து போகவா முடியும்?

எண்ணிக்கொண்டிருந்த நூலகர் பன்னிரண்டாவது சீட்டில் நின்றார்.

“டிக் தெளிவா இருக்கு. ஆனா கீழ பேனாவால ஏதோ எழுதியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா எண்ணிடலாம்.”

“எண்ணிடுங்க. பாவம், யாரோ ஆசையா போட்டது” என்றாள் அவள்.

இவ்வளவு தாராளமா? அப்படியானால் அது அவளுக்கு விழுந்ததேதான்!

“கூடவே கூடாது!” பேராசிரியர் எழுந்தேவிட்டார். “டிக்கைத் தவிர ஒரு எழுத்து இருந்தாலும் செல்லாது. ஏன்? யார் போட்டதுன்னு அடையாளம் தெரிஞ்சா வோட்டை விலைக்கும் வாங்கலாம், மிரட்டியும் வாங்கலாம். முதல் புத்தகத்துல மூணாம் அத்தியாயம் முழுக்க இதுதான். இதுகூடத் தெரியாததெல்லாம் பாடம் எடுக்க வந்துடுது!”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்” என்றார் நூலகர்.

“முப்பது வருஷமா யோசிச்சாச்சு. தள்ளுங்கய்யா!”

தள்ளினார். அவளுக்கு ஆறு, அவருக்கு ஐந்து.

ஒரே ஒரு வோட்டில்! கைதட்டல் ஓய்வதற்குள் நூலகரை மூலைக்கு இழுத்துப் போனார்.

“அந்த முட்டாள் யாருன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க.”

நூலகர் சீட்டைப் பிரித்து அவர் கையில் வைத்தார்.

“விடைத்தாள்ல போடுவீங்களே சார், அதே கையெழுத்துதான்.”