சின்னவன் வண்டிச் செயின்

"பாத்தியா? மறுபடியும் சின்னவன் வண்டிதான்!"

மூத்தவன் மாடி ஜன்னலில் நின்று பல்லைக் கடித்தான். கீழே வாசலில் தம்பியின் பைக் நடு ஸ்டாண்டில் நின்றது. பக்கத்தில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து, செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?" என்றாள் மனைவி.

"எரியாம? அவருக்குப் பக்கவாதம் வந்தப்போ ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தது யாரு? நான். வலது கைக்குப் பயிற்சி கொடுக்க ரப்பர் பந்து தேடி அலைஞ்சது யாரு? நான். செயின் துடைச்சு விடுறது மட்டும் அவனுக்கா?"

"நீங்களும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்களேன்."

"என் வண்டியை மெக்கானிக் பாத்துக்கிறான். வாரா வாரம் சேத்துல உழுதுட்டு வந்து முடியாத மனுஷன் தலையில கட்ட எனக்குத் தெரியாது!"

வாய்தான் அப்படிச் சொன்னது. கண் அப்பாவை விட்டு நகரவில்லை. அவர் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, துணியால் துடைத்து, சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டார். சக்கரம் சத்தமே இல்லாமல் சுழன்றது. "எப்படி?" என்று பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்துச் சிரித்தார். தன்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்தது எப்போது என்று மூத்தவனுக்கு ஞாபகம் வரவில்லை. பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பா வலது கையால் தம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். துளி சிந்தவில்லை.

"எல்லாம் நான் வாங்கிக் கொடுத்த பந்து பண்ற வேலை," என்றான் மூத்தவன், தம்பி காதில் விழுகிற மாதிரி.

தம்பி தலையை ஆட்டிவிட்டுச் சாப்பாட்டைப் பார்த்தான்.

அடுத்த ஞாயிறு, இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று அப்பா எழுந்திருக்கும் முன்பே மூத்தவன் கீழே இறங்கினான். 'அவர் உனக்கு மட்டுமா அப்பா?' என்ற கேள்வி நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

வாசலில் தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு மக், அது நிறைய சேறு. சுத்தமாக இருந்த செயினில் அதை அள்ளி அள்ளி அப்பிக்கொண்டிருந்தான்.

"டேய், உனக்கென்ன பைத்தியமா?"

"மெதுவாப் பேசுண்ணா, அப்பா எழுந்துடப் போறாரு."

"என்னடா பண்றே?"

"பந்தை அமுக்கச் சொன்னா, 'நான் என்ன பச்சைக் குழந்தையா'ன்னு கத்துறாரு. அது பீரோவுக்கு அடியில கிடக்கு. ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்த மனுஷன், அழுக்குச் செயினைப் பாத்தா மட்டும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. பிரஷ்ஷைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் அந்தக் கை இப்போ தம்ளரைப் பிடிக்குது."

"அன்னிக்கு நான் பந்துன்னு சொன்னப்போ நீ வாயைத் திறக்கலையே?"

"நீ ஆசையா வாங்கிக் கொடுத்ததுண்ணா."

மூத்தவன் குனிந்து, சேறு அப்பிய செயினை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இப்படி மண்ணு போட்டா செயின் தேஞ்சு போயிடும்டா."

"தேஞ்சா வேற மாட்டிக்கலாம்."

மூத்தவன் பளபளவென்று நின்ற தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்திலேயே ஸ்டாண்ட் போட்டான். தம்பி கையிலிருந்த மக்கைப் பிடுங்கினான்.

"தள்ளுடா. அவர் உனக்கு மட்டுமா அப்பா?"